ஸ்ட்ரைக்கர் தசை அழுத்தமானி: நம் ஊர் ஆர்த்தோ வார்டுக்கு வாங்கலாமா?

புதுச்சேரி–கடலூர் சாலையில் பைக்கோடு விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வருபவர் நினைவோடு இருந்தால் இந்தக் கருவி பெரும்பாலும் தேவைப்படாது. கால்விரலை மெல்ல நீட்டினாலே துடிக்கிறார், ஊசி போட்டும் வலி அடங்கவில்லை, கெண்டைக்கால் இறுகிக் கிடக்கிறது என்றால் அதுவே கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம், அதாவது தசை அறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும் நிலை. அளக்க நேரம் கடத்தாதீர்கள். பாதத்தில் நாடி இருக்கிறதே என்று நிம்மதி அடைவதும் தவறு. தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் நாடி துடிக்கும்.

தலையில் அடிபட்டு மயங்கியவர், சின்னக் குழந்தை, முழு போதையில் வருபவர் (புதுச்சேரி எல்லையில் இவர்களுக்குப் பஞ்சமில்லை), இவர்களிடம்தான் கருவி உதவும்.

பக்கத்துளை ஊசி, அழுத்த அறை, சலைன் சிரிஞ்ச் மூன்றையும் கோர்த்து, ஊசியை மேல்நோக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். எந்தக் கோணத்தில் குத்தப்போகிறோமோ அதே கோணத்தில் வைத்து ஜீரோ செய்ய வேண்டும். அவசரத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோணம் மாறினால் எண் பொய். சலைன் 0.3 மி.லி.க்கு மேல் போனால் அழுத்தத்தை நாமே ஏற்றியதாகிவிடும். எண் நின்றபின் குறித்துக்கொண்டு, முறிவுக்கு 5 செ.மீ.க்குள், முழங்காலுக்குக் கீழுள்ள நான்கு தசை அறைகளிலும் பார்க்க வேண்டும். ஆழத்திலுள்ள பின்னறை எளிதில் விட்டுப்போகும்.

வெறும் எண்ணை நம்ப வேண்டாம். டயஸ்டாலிக்கிலிருந்து (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) கழித்துப் பாருங்கள். டயஸ்டாலிக் 70, தசையில் 45 என்றால் மீதி 25. 30-க்குக் கீழே வந்துவிட்டதால் ஃபேசியோடமி, அதாவது தசை உறையைக் கீறி அழுத்தத்தை இறக்கும் ஆபரேஷன். அதே 45, டயஸ்டாலிக் 90 உள்ளவருக்கு என்றால் காத்திருந்து மறுபடி அளக்கலாம். மயக்க மருந்தில் டயஸ்டாலிக் இறங்கும் என்பதால் அதற்கு முந்தைய அளவையே எடுங்கள்.

குறை, செலவு. ஊசி செட் ஒரு நோயாளிக்கு மட்டுமே. ஐசியூவில் தமனி ரத்த அழுத்தம் பார்க்க வைத்திருக்கும் ஆர்ட்டீரியல் லைன் டிரான்ஸ்டியூசரிலும் அளக்கலாம். ஆனால் சாதா 18 கேஜ் ஊசி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், வீண் ஆபரேஷனில் முடியும்.

கடலூர் வயல்களில் பாம்பு கடித்து வீங்கிய கைகால்களுக்காகவே இதை வாங்கலாம் என்போம். வீக்கம் மிரட்டும், உள்ளே அழுத்தம் பல சமயம் குறைவாகவே இருக்கும். விஷமுறிவு மருந்து முதலில். ரத்தம் உறையும் நிலை திரும்பும் முன் அளக்கும் ஊசியும் கத்தியும் வேண்டாம்.

பெரிய மருத்துவமனைக்கு 5-க்கு 4. சிறிய நர்சிங் ஹோம்கள் காசை மிச்சப்படுத்தி, ஜிப்மருக்கு அனுப்பும் முன் மாவுக்கட்டைப் பஞ்சோடு தோல் தெரியப் பிளந்துவிட்டு, காலை இதய மட்டத்தில் வைத்து, வலி கூடிய நேரத்தைச் சீட்டில் எழுதி அனுப்பட்டும்.