ஹோம் தியேட்டர் ரூமுக்கு சினிமா பிராப்: 3டி பிரிண்டா, ஃபோமா, தெர்மாக்கோலா, ஃபைபரா?

மாடி ரூம ஹோம் தியேட்டரா மாத்தினவங்க அடுத்து வந்து நிக்கற எடம் இதுதான், செவுத்துல போஸ்டர் மட்டும் இருந்தா மொக்கையா இருக்கே, படத்துல வர்ற ஹெல்மெட்டு, வாளு, சிலை மாதிரி சாமான், அதாவது பிராப், நாமளே ஏதாச்சும் செஞ்சு வெக்கலாமான்னு. கேட்ட உடனே நாலு பேர் 3டி பிரிண்டர் வாங்குங்கம்பாங்க. நான் அதுக்கு முன்னாடி கேக்கறது ஒண்ணே ஒண்ணு, அந்தப் பொருள எவ்ளோ தூரத்துல இருந்து பாக்கப் போறாங்க, கையில எடுப்பாங்களா மாட்டாங்களா? சினிமாக்காரங்களே இப்டித்தான் செய்யறாங்க. ஒரே வாளுக்கு க்ளோசப்ல காட்ட நல்லா இழைச்ச பீஸ் ஒண்ணு இருக்கும், அதுக்கு ஹீரோ பிராப்னு பேரு, சண்டை சீனுக்கு ரப்பர்ல ஒண்ணு, பின்னாடி நிக்கற கூட்டத்துக்கு இன்னும் சுமாரா சிலது. நம்ம ரூம்ல மட்டும் எதிர் செவுத்துல தொங்கறதுக்கும் டீபாய் மேல கெடக்கறதுக்கும் ஒரே மெட்டீரியல் எதுக்கு?

3டி பிரிண்டர்ங்கறது கம்ப்யூட்டர் ஃபைலப் பாத்து பிளாஸ்டிக்க உருக்கி லேயர் லேயரா அடுக்கி பொருள் செய்யற மெஷின், அதோட பலம் டீடெயில். ஸ்க்ரூ தலை, சின்ன எழுத்து, மெல்லிசு கோடு எல்லாம் ஃபைல்ல இருக்கறபடியே வந்துடும், கைவேலை பழகாதவங்களும் எறங்கலாம். ஆனா பிரிண்டர்ல இருந்து வெளிய வர்றது பிராப் இல்ல, பாதி வேலைதான். வீட்டுல வாங்கற பல பிரிண்டருக்கு பெட், அதாவது பொருள் உருவாகற தட்டு, 220 மிமீ சதுரம், பெரியவங்க தலைக்கு மாட்டற ஹெல்மெட் அதுல முழுசா உக்காராது, துண்டு போட்டு ஒட்டணும். 0.2 மிமீ லேயர்ல போட்டாலும் ஹெல்மெட் உச்சி மாதிரி லேசா வளையற எடத்துல படிக்கட்டு கட்டினாப்ல வரி வரியா நிக்கும், அத போக்கறதுக்கு கார் பெயிண்ட் கடையில கெடைக்கற புட்டிய இழுத்து, காஞ்சதும் 120 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 400 வரைக்கும் தேச்சு, பிரைமர் அடிச்சுப் பாத்தா அப்பத்தான் விட்டுப்போன வரியெல்லாம் பல்ல இளிக்கும், திரும்ப புட்டி, திரும்ப உப்புத்தாள். பிரிண்ட் ராத்திரியெல்லாம் தானா ஓடும், தேய்க்கறது நம்ம தோள்பட்டைதான். இன்னொண்ணு, இந்த பிரிண்டர்ல சாதாரணமா ஓடற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும், மே மாசம் வெயில்ல நிறுத்தின கார்ல விட்டீங்கன்னா கோணிக்கும். முழு ஹெல்மெட்ட வெளிய குடுத்து கிராம் கணக்குல பிரிண்ட் போட்டா பில்லப் பாத்து மனசு மாறிடும், பட்டன், பக்கிள், கைப்பிடி மாதிரி சின்ன பீஸுக்குன்னா கட்டுப்படியாகும்.

ஈவிஏ ஃபோம் இதுக்கு நேர் எதிர். கொழந்தைங்க வெளையாட தரையில கோத்துப் போடறோமே கலர் மேட்டு, அதே சரக்குதான், கொஞ்சம் கெட்டியான ஷீட்டா 5 மிமீ, 10 மிமீன்னு வாங்கணும். கவசம், தோள் தகடு, பெரிய கோடாரி இதுக்கெல்லாம் இத அடிச்சுக்க ஆளில்ல. பேப்பர்ல பேட்டர்ன் வரைஞ்சு வெட்டி, ரெண்டு ஓரத்தையும் 45 டிகிரி சாய்ச்சு சீவி, ரப்பர் கம்ம ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா கையில ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தினா அவ்ளோதான், மொனை ஒண்ணு கூடிடும். ஈரமா இருக்கும்போதே ஒட்டினா வழுக்கிட்டே போகும், அந்த அஞ்சு பத்து நிமிஷப் பொறுமைலதான் நல்ல வேலைக்கும் மட்டமான வேலைக்கும் வித்தியாசமே. பிளேடு விஷயத்துல கஞ்சத்தனம் கூடவே கூடாது, மொனை லேசா மழுங்கினாலே ஃபோம் அறுபடாம பிஞ்சு வரும். வெட்டினப்புறம் சூடான காத்து ஊதற ஹீட் கன் காட்டினா மேல் தோல் இறுகி பளபளன்னு ஆகிடும், சூடா இருக்கும்போதே முட்டில வெச்சு வளைச்சா அந்த வளைவு நிக்கும். பெயிண்டுக்கு முன்னாடி ஃபெவிகால தண்ணில கலந்து மூணு நாலு கோட்டு அடிக்கணும், இல்லன்னா பெயிண்ட அப்டியே குடிச்சிடும். கறுப்பு பேஸ் மேல பென்சில் கரித்தூள துணில தொட்டுத் தேச்சா பழைய இரும்பு லுக் வரும், சோபாவுல உக்காந்து பாக்கறவன் ஃபோம்னு சொல்லவே மாட்டான். கையில எடுத்தான்னா தெரிஞ்சுடும், வெயிட்டே இருக்காது.

பெரிய சிலை, தூணு, குகை வாசல் மாதிரி வேணும்னா தெர்மாக்கோல்தான், இதுல விவாதமே இல்ல. கோடம்பாக்கத்துல கோயில் தூணையே தெர்மாக்கோல்லயும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்லயும் நிறுத்திக் காட்டின ஊர் நம்மளது. ஒரே எச்சரிக்கை, ரப்பர் கம்மு, ஸ்ப்ரே பெயிண்ட் ரெண்டும் நேரா பட்டா தெர்மாக்கோல் கரைஞ்சு குழி விழுந்துடும், ஒட்ட வெள்ளை ஃபெவிகால், மேல துணி ஒட்டி பிளாஸ்டர் பூசி மூடிட்டு அப்புறம் என்ன பெயிண்ட் வேணா அடிங்க. அதோட இது ஈஸியா தீப்புடிக்கற சாமான், ஆம்ப்ளிஃபயர், ஹீட்டர், பிளக் பாயிண்ட் பக்கத்துல வெக்காதீங்க.

சின்ன சிலைன்னா காகிதக்கூழையும் யோசிக்கலாம். மதுரை பக்கம் விளாச்சேரி, அப்புறம் பண்ருட்டின்னு பொம்மை செய்யற ஊர்கள்ல தலைமுறையா கை வெச்சிருக்கற வித்தை, செலவும் கம்மி. காயறதுக்குத்தான் நாளாகும், மழைக்காலத்துல கேக்கவே வேணாம். கரையான் இருக்கற வீடுன்னா விட்டுடுங்க.

ஃபைபர, அதாவது கண்ணாடி நார்ல ரெசின் ஊத்தி இறுக வெக்கறத, பத்தி நெறைய பேர் ஆசையா கேப்பாங்க. உறுதி, வெயிட்டு, ஃபினிஷு மூணும் இருக்கு, ஒரு மோல்டு எடுத்துட்டா ஒரே ஹெல்மெட்ட எத்தன வேணா போடலாம். ஆனா ஒண்ணே ஒண்ணு வேணும்னா மோல்டு செய்யற பாடு வீண், ஏன்னா மோல்டு எடுக்கவே முதல்ல ஒரு முழு ஹெல்மெட் பக்காவா செஞ்சாகணும்! ரெசின் நாத்தம் அடுத்த வீடு வரைக்கும் போகும், கண்ணாடி நார் தோல்ல ஏறினா ராத்திரி தூக்கம் போச்சு, தேய்க்கும்போது மாஸ்க் இல்லாம நிக்கவே கூடாது. முக்கியமா ரெசின் இறுகறதுக்காக சேக்கற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலந்தா வெடிக்கும், கோபால்ட்ட ரெசின்ல நல்லா கலக்கினப்புறம்தான் கேட்டலிஸ்ட்ட ஊத்தணும். ஃபிளாட்ல இருக்கறவங்களுக்கு இது வேணாம்.

இவ்ளோ பேசிட்டு நான் முதல் எடம் குடுக்கறது இதுல எதுக்கும் இல்ல, வேற எதுக்கோ செஞ்ச சாமானத் தேடிப் புடிச்சு மாத்தறதுக்குத்தான். 1977ல வந்த ஸ்டார் வார்ஸ்ல ஹீரோ லூக் புடிச்சிருக்கற லைட்சேபர், அதாவது ஒளி வாளோட, கைப்பிடியே பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃபிளாஷோட கைப்பிடிதான், லண்டன்ல ஒரு கேமரா கடையில கெடைச்சத வாங்கி கறுப்புப் பட்டையும் கால்குலேட்டர்ல இருந்த சின்ன பிளாஸ்டிக் குமிழ் பட்டையும் ஒட்டியிருக்காங்க. நம்ம ஊர்ல வாஷ்பேசின் அடியில மாட்டற குரோம் பைப்பு இருக்கே, அதோட பளபளப்பும் கையில விழற கனமும் எந்த பிரிண்ட்லயும் வராது, உப்புத்தாளும் வேணாம் புட்டியும் வேணாம்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துல வர்ற ஹால்ங்கற கம்ப்யூட்டரோட செவப்புக் கண்ணும் இதே கதைதான், நிக்கோர் 8 மிமீ ஃபிஷ்ஐ லென்ஸு. அந்த லென்ஸ் நமக்கு கட்டுப்படியாகாது, ஆனா சிசிடிவி டோம் கேமராவோட கண்ணாடி மூடி தனியா கெடைக்கும், அதுக்குப் பின்னாடி ஒரு செவப்பு எல்இடி, நடுவுல மட்டும் சின்னதா ஒரு மஞ்சப் புள்ளி. போர்டு கடையில மிச்சம் விழற கறுப்பு ஏசிபி ஷீட்ட (ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டின பிளாஸ்டிக் பலகை) நீட்டுவாக்குல வெட்டி, சுத்தி அலுமினியம் பட்டை அடிச்சு, கீழ ஸ்பீக்கர் ஜாலி வெச்சா முடிஞ்சுது, பிரிண்டர்ல இதே தட்டையான பேனல போட்டு சமமா தேச்சு எடுக்கறதுக்குள்ள ஒரு வாரம் போயிடும். எல்இடிய சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல வாங்கும்போதே 5 வோல்ட் யுஎஸ்பில ஓடற மாதிரி கேட்டு வாங்கி டிவி பின்னாடி இருக்கற போர்ட்ல சொருகிடுங்க, நெறைய டிவியில ரிமோட்ட அமுக்கினதும் கண்ணும் சேந்தே முழிச்சுக்கும்.