காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு: பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்களைத் தேடுவோருக்கு

ஆந்திர-தமிழ்நாட்டு எல்லையில் உள்ள எங்கள் நகரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாளத்துக்குப் போன ஒருவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இருக்கும். ஆனால் அவர் எந்தப் படையில் இருந்தார், எங்கே இறந்தார் என்று கேட்டால் "பர்மாவுல போயிட்டாரு" என்பதற்கு மேல் எவருக்கும் சொல்லத் தெரியாது. என் தாத்தாவின் தம்பியைப் பற்றியும் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார், இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை. புகைப்படம் இல்லை, மெடல் இல்லை. தாத்தா பத்திரப்படுத்தியிருந்த காகிதங்களும் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி நனைந்து போயின. இந்த ஆண்டு மூன்று மாதங்கள் இணையத்தில் உள்ள ஆவணக் காப்பகங்களில் அவரைத் தேடினேன். அப்போது நான் பயன்படுத்தியவற்றுள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டையே நம் எல்லைப்புறக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

1917-இல் தொடங்கப்பட்டு 1960 வரை இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் என்ற பெயரில் இயங்கிய இந்த அமைப்பு, இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவைப் பராமரிக்கிறது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்த படைவீரர்கள் இதில் அடங்குவர் என்பதால், சண்டை ஓய்ந்த பிறகு முகாம் மருத்துவமனையில் காய்ச்சலால் இறந்தவர்களையும் இங்கே தேடலாம். கட்டணம் கிடையாது.

பதிவுகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் தட்டச்சு செய்து தேட இயலாது. அதைவிடப் பெரிய தடை, நம் பெயர்களை அன்றைய படைச்சேர்ப்பு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவைத்ததுதான். முனுசாமி என்ற ஒரே பெயர் முனிஸ்வாமி, மூனசாமி, முன்சாமி என்று பல உருவங்களில் வரும். ஏழுமலையில் உள்ள ழகரம் எந்த எழுத்தாக மாறியிருக்கும் என்று ஊகிக்கவே முடியாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துத் தேடினாலும் பயன் இல்லை, ஏனெனில் பெரும்பாலான பதிவுகளில் வீரரின் பெயர் ஒற்றைச் சொல்லாகவே நிற்கிறது. வீட்டில் மதராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லிப் பழகிய படை, பதிவில் விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கிய மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்றோ, இந்தியப் பொறியாளர் படை என்றோ இருக்கக்கூடும்.

நான் முதல் ஒரு மாதத்தைப் பெயரைக் கொண்டு தேடியே வீணாக்கினேன். பிறகுதான் விரிவான தேடலில் 'கூடுதல் தகவல்' என்றொரு கட்டம் இருப்பதைக் கவனித்தேன். தாய் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை, குடும்பத்தாரிடமிருந்து கிடைத்திருக்கும் பட்சத்தில், அந்தப் பகுதியில்தான் பதிவாகியிருக்கின்றன. ஆகவே ஆளின் பெயரை விட்டுவிட்டு ஊரைக் கொண்டு தேட வேண்டும். அங்கேயும் எந்த மாவட்டத்தின் பெயரைக் கொடுப்பது என்ற கேள்வி எழும். நகரியும் திருத்தணியும் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் வந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்குச் சென்றது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணிக்காரர், தம் பாட்டனாரைச் சித்தூர் மாவட்டத்தவராகத் தேட வேண்டும். முதல் உலகப் போருக்குப் போனவராக இருந்தால், 1911-க்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், வட ஆர்க்காட்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. மாவட்டத்தின் பெயரையும் படையையும் மட்டும் கொடுத்து, வருகிற பட்டியலை மொத்தமாக இறக்கிக்கொண்டு, ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பிடிபடாத ஊர்ப்பெயர் காதுக்குப் பிடிபட்டது.

சின்னத் தாத்தாவின் பதிவு அப்படித்தான் கிடைத்தது. படை எண், சாப்பர் என்ற பதவி, இறந்த நாள், வயது, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், ஊர் என எல்லாம் இரண்டே வரிகளில் அடங்கியிருந்தன. கணவர் என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த பெண்பெயரை எனக்குத் தெரியாது. சின்னத் தாத்தா இறந்த பின் எங்கள் வீட்டிலேயே இருந்து, நான் பிறப்பதற்கு முன் காலமான சின்னப் பாட்டியை ஊர் முழுவதும் 'பட்டாளத்தம்மா' என்றே அழைத்திருக்கிறது; அவருக்கு வேறொரு பெயர் உண்டு என்பதை எங்கள் தலைமுறையில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெயரை அத்தையிடம் படித்துக் காட்டியபோது, "ஆமாம்பா, எங்க அம்மாவுக்குக் கோபம் வந்தா மட்டும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடும்" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் வேறெதுவும் பேசாமல் இருந்தார். இது நம்முடையவரின் பதிவுதான் என்பதற்கு அதற்கு மேல் எனக்குச் சான்று தேவைப்படவில்லை.

அவர் பெயர் மியான்மரில் யாங்கோனுக்கு வடக்கே, தௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லறை இன்னதென்று தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களை அதன் தூண்கள் தாங்கி நிற்கின்றன. தூணின் எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது என்பதைப் பதிவே எண்ணிட்டுக் காட்டுகிறது. நினைவு வாசகம் ஆங்கிலம், பர்மிய மொழி, இந்தி, உருது, பஞ்சாபியின் குருமுகி எழுத்து ஆகியவற்றில் உள்ளது. மதராஸ் படையினர் அத்தனை பேர் இறந்த களத்தில் தமிழும் தெலுங்கும் இடம்பெறாதது எனக்கு வருத்தமே.

இந்தப் பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் ஆளே போருக்குப் போகவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலாவதாக, இது இறந்தவர்களுக்கான பதிவேடு. உயிரோடு திரும்பிப் பென்ஷன் வாங்கியவர்கள் இதில் இல்லை. இரண்டாவதாக, முதல் உலகப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்களுக்கு எல்லாக் களங்களிலும் ஒரே மாதிரியான மரியாதை கிடைக்கவில்லை. அன்று மெசபடோமியா எனப்பட்ட ஈராக்கில், 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்படாமல் எண்ணிக்கை மட்டுமே பொறிக்கப்பட்டது. ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, இந்திய, ஆப்பிரிக்க வீரர்களை உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதையும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். ஆயினும் மெசபடோமியாவுக்குப் போனவரின் பேரப்பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு பழைய ராணுவத் துறைக் கோப்புகளைப் படிக்கலாம். களத்தின் நிலவரத்தை அறிய அவை உதவும், தனியொரு சிப்பாயைக் கண்டுபிடிக்க உதவுவது அரிது. லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளும் அப்படியே. லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து மின்வடிவம் பெற்ற பதிவேடுகளில் பஞ்சாபைச் சேர்ந்த ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரங்கள் இருக்கின்றன. மதராஸ் மாகாணத்துக்கும் அப்படியொன்று வாய்த்திருக்கலாகாதா என்று ஏங்கத் தோன்றும். பணம் கொடுத்து ஆள்வைத்துத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவருக்கு 4,000 ரூபாய் அனுப்பினேன். இதே ஆணையத்தின் தளத்தில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய நினைவுச் சான்றிதழை, அதுவும் அதே பெயருள்ள வேறொருவருடையதை, அச்சிட்டு அனுப்பிவைத்தார்.

படை எண் கையில் இருந்தால் அடுத்த கதவைத் தட்டலாம். மதராஸ் சாப்பர்ஸ் இன்று பெங்களூருவில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்ற பெயரில் இயங்குகிறது; மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில் ஆவண அலுவலகம் உண்டு. எண், பெயர், இறந்த நாள், உறவுமுறை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவின் அச்சுப் பிரதியையும் இணைத்துப் போன வாரம் பெங்களூருவுக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். உறவுமுறைக்கான இடத்தில் சின்னப் பாட்டியின் பெயரையும் எழுதினேன்.