புது மெத்தைக்குக் காசு வாங்கிக்கொண்டு எங்கள் பழைய ஸ்பொஞ்சையே உள்ளே வைத்துத் தைத்துத் தந்தார்கள்

யாழ்ப்பாணத்தில் வள்ளத்துக்கோ லோஞ்சுக்கோ, ஏன் வீட்டுச் செற்றிக்கோகூட, குஷன் மாற்றக் கொடுக்க இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, அதன் முடிவு வரட்டும். ஆனால் என்ன நடந்தது என்பது மற்றவர்களுக்குத் தெரியத்தான் வேண்டும்.

ஊர்காவற்றுறையில் நிற்கும் சின்னப் பாய்ப்படகு மச்சானுக்கும் எனக்கும் பொதுவானது. ஃபைபர் உடம்பு, குனிந்து இறங்குகிற மாதிரி ஒரு கபின், இரண்டு பக்கமும் நீளப் படுக்கை, அணியப் பக்கம், அதாவது முன்மூக்குப் பக்கம், ஒடுங்கிப் போகிற முக்கோணப் படுக்கை. மெத்தையெல்லாம் பழசு, உப்பு ஊறியது. கடல் தண்ணீர் ஸ்பொஞ்சுக்குள் இறங்கினால் பிறகு எவ்வளவு வெயிலில் போட்டும் சரிவராது. தண்ணீர் காயும், உப்பு உள்ளேயே நிற்கும், இரவானதும் காற்றில் இருக்கிற ஈரத்தை அது திரும்ப இழுத்துவிடும், படுத்தால் முதுகு நசநசக்கும். அதனால் உறை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை, ஸ்பொஞ்சும் முழுக்கப் புதிதாக வேண்டும் என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னோம்.

வள்ள மெத்தைக்கென்று எங்களுக்குத் தெரிந்து இங்கே தனிக் கடை இல்லை. ஓட்டோ சீற்றும் செற்றியும் அடிக்கிறவர்களிடம்தான் போகவேண்டும், அவர்களில் நல்ல வேலைகாரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் போன கடைக்காரரோ, "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, லோஞ்சுக்கெல்லாம் செய்து குடுத்தனாங்கள்" என்றார். மாதிரிக்குக் காட்டியது 32 அடர்த்தி ஸ்பொஞ்ச், அமத்திவிட்டுக் கையை எடுத்தால் உடனே எழும்பும். மேலே கன்வஸ், அடியில் காற்றுப் போக வலைத்துணி, பொலியெஸ்ரர் நூல், பின்பக்கம் முழு நீளத்துக்குச் சிப் என்று எல்லாம் பேசி, பாதிக்கு மேல் முற்பணமும் வாங்கி, அளவுக்கு வேண்டும் என்று பழைய மெத்தைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்.

பிறகு வழக்கமான கதைதான். துணி கொழும்பிலிருந்து வரவில்லை, தைக்கிற பெடியனுக்குச் சுகமில்லை, அப்புறம் ஃபோனே எடுப்பதில்லை. பழைய மெத்தைகளைத் திருப்பித் தரச் சொன்னபோது "அதை அப்பவே எறிஞ்சாச்சு அண்ணை" என்றார்.

கடைசியில் கொண்டுவந்து தந்தபோது பார்வைக்கு வடிவாகத்தான் இருந்தன. ஆனால் அணியத்து மெத்தை உட்காரவே இல்லை. வள்ளத்தின் பக்கச்சுவர் மேலே போகப் போக வெளியே விரிகிறது, ஆகவே அந்த மெத்தையின் மேல்முகம் அகலமாகவும் அடிமுகம் ஒடுக்கமாகவும் இருக்கவேண்டும், ஓரத்தைச் சரிவாக வெட்டவேண்டும். இவர் மேல் அளவை எடுத்து நேரே வெட்டியிருந்தார், அதனால் அடி சுவரில் முட்டி மெத்தை ஒரு பக்கம் கிளம்பி நின்றது. வலைத்துணிக்குப் பதிலாக அடியில் றெக்சின். தையல் துளையால் உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லை. சிப் இருந்தது, ஆனால் ஒரு சாணுக்கு மேல் திறக்காது, மிச்சம் தைத்து மூடியிருந்தது. "படுக்கப் படுக்கச் சரிவரும்" என்று சொல்லி மிச்சக் காசுக்கு நின்ற நிலையைப் பார்த்து மச்சான் கொடுத்தனுப்பிவிட்டார்.

ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனபோது நல்ல சோளகக் காற்று. ஒரு துளி தண்ணீர்கூட கபினுக்குள் வரவில்லை, ஆனாலும் இரவில் மெத்தை ஈரம். அதோடு எங்களுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய பூஞ்சண மணம். வீட்டுக்கு வந்ததும் மச்சான் ஒரு மெத்தையின் தையலை பிளேட்டால் பிரித்தார். மேலே ஒரு விரற்கடை வெள்ளை ஸ்பொஞ்ச், கீழே அதேமாதிரி ஒன்று, இரண்டுக்கும் நடுவே பசை பூசி ஒட்டிய மண்ணிறத் துண்டு. அதன் ஓரத்தில் நீல மாக்கரால் "இடது" என்று எழுதியிருந்தது. முந்தி ஒருமுறை கழுவ எடுத்தபோது இடம் மாறக்கூடாது என்று நான் எழுதியது, என்னுடைய கையெழுத்து! எறிந்துவிட்டேன் என்று சொன்னதும் அதுதான், புதிதென்று காசு வாங்கியதும் அதுதான். சிப் ஏன் ஒரு சாணோடு நின்றது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கேட்டதற்கு வந்த பதில்: "பழசெண்டாலும் நல்ல ஸ்பொஞ்ச் அண்ணை, வீணாக்கக் கூடாதெண்டு போட்டனாங்கள்." காசைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனவே பழைய மெத்தையைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஹாட்போட்டை வள்ளத்துக்குள்ளேயே வைத்து மேல் அளவுக்கு ஒன்று, அடி அளவுக்கு ஒன்று வெட்டி, எந்தப் பக்கம் மேலே என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இடது துண்டு வலதாகத் திரும்பி வரும். ஸ்பொஞ்சை உறை போடுமுன்னர் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 32 அடர்த்தி என்றால் ஒரு கனமீற்றர் 32 கிலோ, 180 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 10 தடிப்பு உள்ள மெத்தை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ வரவேண்டும். குறைந்தால் மலிவுச் சரக்கு. கூடினாலும் விடாதீர்கள், எங்களுடையது உப்பும் ஈரமுமாக நாலரைக்கு மேல் காட்டியது. நூலில் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கலாம், பொலியெஸ்ரர் உருகிக் கட்டியாகும், பருத்தி நூல் கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும். எங்களுடையது சாம்பலானது. சிப் இழுவையும் இரும்பு, கன்வஸில் இப்போதே துருக் கறை.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட்டிருக்கிறோம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவரம் கேட்கலாம், ஆனால் பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். துண்டில் கையால் எழுதித் தந்த பற்றுச்சீட்டில் "புது ஸ்பொஞ்ச்" என்று அவரே எழுதியிருக்கிறார், அதன் பிரதியையும் அனுப்பினோம். "இடது" என்று எழுதிய துண்டைக் கழுவாமல் அப்படியே பையில் கட்டி வைத்திருக்கிறோம், விசாரணைக்குக் கூப்பிட்டால் அதைத்தான் கொண்டுபோகப் போகிறோம்.