எந்தப் பூட்டு எதற்கு: கடலூர், புதுச்சேரி மிதிவண்டிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

வண்டி வாங்கும்போதே கடைக்காரர் பின்சக்கரத்தில் மாட்டித் தரும் வளையப் பூட்டைத்தான் கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலோர் நம்பியிருக்கிறார்கள். அது சக்கரத்தைச் சுழலவிடாதே தவிர, வண்டியை ஓரிடத்தில் பிணைத்து வைப்பதில்லை. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிச் சென்றுவிடலாம், அப்படியே சரக்கு ஆட்டோவில் ஏற்றியும் விடலாம். மளிகைக் கடைக்குள் போய் உடனே திரும்பும் நேரத்துக்கு அது போதும்; திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தருகே காலையில் விட்டு இரவில் எடுக்கும் வண்டிக்குப் போதாது.

கேபிள் பூட்டின் பருமனைப் பார்த்து ஏமாறக்கூடாது. பருமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறைதான். உள்ளே முறுக்கிய மெல்லிய கம்பி இழைகள் கையடக்கக் கட்டருக்குச் சில நொடிகளில் அறுந்துவிடும். முன்சக்கரத்தையோ ஹெல்மெட்டையோ கூடுதலாகக் கோத்து வைக்க மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன்.

உறுதியில் யூ வடிவப் பூட்டே முதலிடம் பெறும். கடினப்படுத்திய எஃகில் தடிமனாகச் செய்த பூட்டு சிறிய கட்டருக்கு மசியாது. அறுக்கும் மின்கருவி வேண்டும், அதன் சத்தமும் தீப்பொறியும் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும். வட்டக் குழல் சாவி உள்ளதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: 2004-இல் பால்பாயிண்ட் பேனாவின் குழாயைச் செருகியே அவ்வகைப் பூட்டுகளைத் திறக்க முடிவது தெரியவந்து, கிரிப்டோனைட் நிறுவனம் தன் பூட்டுகளை மாற்றித் தர வேண்டியதாயிற்று.

ஆனால் நம் ஊர்த் தெருக்களில் அதை எதில் பூட்டுவது என்பதே பெரிய கேள்வி. விளக்குக் கம்பமும் மரமும் அதன் குறுகிய வாய்க்குள் அடங்குவதில்லை. மாலையில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு வருவோர் பக்கத்துத் தெருக்களில் வண்டியை விடும்போது, பிறர் வீட்டுக் கிராதியில் பூட்டுவதும் முறையாகாது. ஆகவே வெளியிடங்களுக்கு, கனமாக இருந்தாலும், கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியே ஏற்றது என்பது என் முடிவு. யூ பூட்டை வீட்டு ஜன்னல் கம்பிக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரணச் சங்கிலி மென்மையானது, அதை நம்பவேண்டாம். நல்ல சங்கிலியையும் தரையில் தொய்ந்து கிடக்கவிடாமல், பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து இறுக்கிக் கட்டவேண்டும். தரையில் படிந்தால் கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, முழு உடல் எடையோடு மறுபிடியை அழுத்திவிடலாம்.

தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று எந்தப் பூட்டையும் விட்டுவைப்பதில்லை. சங்கிலியின் துணியுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதை அவ்வப்போது கழற்றி உலர்த்தவேண்டும். சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டால் மணலும் தூசியும் பசைபோல் ஒட்டிக்கொண்டு சாவி பாதியில் நின்றுவிடும். கிராஃபைட் தூள் அப்படி ஒட்டாது. பூட்டும்போது துவாரம் கீழ்நோக்கி இருந்தால் மழைநீரும் தேங்காது.

கட்டண நிறுத்தம் இருக்கும் இடத்தில், நாள் முழுக்க விடும் வண்டிக்கு அதுவே நல்லது. டோக்கனைத் தொலைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டிகள் ஒரே நிறத்தில், ஒரே வடிவில் வருவதால், பள்ளி வளாகத்தில் யாருடையது எதுவென்று பிரித்தறிவதே கடினம். பிரேமில் பொறித்த எண்ணை முதல் நாளே படமெடுத்து வைத்துக்கொண்டால், காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது நிறத்தையும் வடிவத்தையும் சொல்லித் தடுமாறாமல் அந்த எண்ணையே கொடுக்கலாம்.