சமவெளிப் பந்தயத்துக்கு மலையில் தயாரான ராஜ்தூத் 350: குன்னூர்ப் பட்டறை ஒன்றின் வேலை

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்காகக் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் ஒரு சனி, ஞாயிறு நடந்த கிளப் பந்தயத்துக்கு என் ராஜ்தூத் 350 வண்டியைக் குன்னூரில் ஒரு சிறிய பட்டறையில் கொடுத்துத் தயார் செய்தேன். அந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு தகரக் கூரைக்கு அடியில், மூன்று வண்டிகள் நின்றால் நான்காவது வண்டி மழையில் நனைய வேண்டிய அளவுக்குத்தான் இடம். ஓர் அண்ணனும் அவரிடம் தொழில் பழகும் ஒரு தம்பியும் மட்டுமே எல்லா வேலைகளையும் பார்க்கிறார்கள். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அங்கே கொடுக்கலாமா என்று தொடர்ந்து கேட்பதால், என் அனுபவத்தை ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவமாக எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்த இந்த வண்டியில் 347 சி.சி., இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், ஆறு கியர். ஜப்பானில் விற்ற வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. நமக்கு வந்ததில் சீக்கிரம் சூடேறிப் பிடிமானம் குறையும் டிரம் பிரேக்தான். இந்த ஒரு வேறுபாடு பின்னால் எனக்கு எவ்வளவு பெரிதாகும் என்று வேலையை ஒப்படைத்த நாளில் நான் யோசிக்கவில்லை.

பட்டறையில் நான் கேட்டவை இவை: தேய்ந்த சிலிண்டர்களுக்கு போர் போட்டு, அதாவது உட்சுவரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் பொருத்துவது, தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட்டைச் சரிசெய்வது, கிளட்ச் பிளேட் மாற்றுவது, முன் பின் பிரேக் ஷூக்களுக்குப் புதிய லைனிங் ஒட்டுவது, ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓடும்படி செய்வது, பந்தயத்துக்கு முந்தைய பாதுகாப்புச் சோதனையான ஸ்க்ரூட்டினியில் கேட்பதற்கேற்ப ஆயில் வடிக்கும் போல்ட்டில் துளையிட்டுக் கம்பி கட்டுவது. இவ்வளவையும் கேட்டுக்கொண்ட அண்ணன், வண்டியில் என்ன கோளாறு என்று விசாரிக்கவே இல்லை. எந்த ஊரில் ஓட்டப் போகிறீர்கள், காலையிலா மதியத்திலா என்றுதான் முதலில் கேட்டார். என் நம்பிக்கையைப் பெற்றது அந்தக் கேள்விதான்.

அதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது மலைவாசிகளுக்குப் பயன்படும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செட்டிபாளையம் சுமார் 400 மீட்டர். கீழே வெயில் காற்றைக் கொஞ்சம் இளக்கினாலும், அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், அதே அளவு இடத்தில் குன்னூரைவிடச் செட்டிபாளையத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் காற்று கூடுதலாக அடங்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துண்டான மெயின் ஜெட் இந்த மாற்றத்தை முழுவதும் ஈடுகட்டாது. மலைக்கென்று சிறிய ஜெட் போட்ட வண்டியை அப்படியே கீழே இறக்கி முழு வேகத்தில் ஓட்டினால், காற்று கூடும் விகிதத்தில் பெட்ரோல் கூடாமல் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போகும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது. முந்தைய ஆண்டு இதையெல்லாம் அறியாமல் நானே வண்டியை இறக்கிக் கொண்டுபோய், நேர்ப்பாதையில் இடது பிஸ்டன் சீஸ் ஆகி, கிளட்ச்சைப் பிடித்ததால் மட்டுமே விழாமல் தப்பினேன். போர் போட வேண்டிய தேவை வந்ததும் அதனால்தான்.

அண்ணனிடம் ஓரம் கிழிந்த ஒரு நோட்டு இருக்கிறது. எந்த வண்டிக்கு, எந்த ஊரில், எந்த நேரத்தில், என்ன எண் ஜெட் போட்டால், கலவை சரியா என்று காட்டிக்கொடுக்கும் ஸ்பார்க் ப்ளக் என்ன நிறத்தில் வந்தது என்று பல ஆண்டுகளாக அதில் எழுதி வருகிறார். அதைப் பார்த்து எனக்கு மூன்று இணை ஜெட்டுகளைத் தேர்ந்து, மூன்று தீப்பெட்டிகளில் போட்டு, ‘காலை’, ‘மதியம்’, ‘வீடு’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். குளிர்ந்த காலைக் காற்றுக்குப் பெரியது, வெயிலுக்கு அதைவிடச் சிறியது, திரும்பி மலையேறிய பிறகு எல்லாவற்றிலும் சிறியது.

வண்டியை எடுக்கப் போன அன்று ‘காலை’ இணையை ஏற்கெனவே பொருத்தி வைத்திருந்தார்கள். பட்டறை வாசலில் கிக்கரை மிதித்தால் புகை தெருவை மறைத்தது. எஞ்சின் தொண்டை கட்டியவர் பேசுவதைப் போலத் தடுமாறியது. கொடுத்த பணத்துக்கு இதுதானா என்று எனக்கு ஆத்திரம். “இங்க ஓட்டினா உங்களுக்குக் கோவந்தான் வரும் சார். செட்டிபாளையத்துல ஓட்டிட்டு அப்புறம் திட்டுங்க” என்று சொல்லிவிட்டு, சோதனைக்காகக்கூட வண்டியைச் சாலைக்கு எடுக்க அவர் மறுத்துவிட்டார். நான் பேசாமல் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டிக்கொண்டு, மேட்டுப்பாளையம் இறக்கத்தின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

கோவையின் பந்தய ஆர்வத்துக்கு வித்திட்ட எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கி 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளமே உள்ள, வளைவுகள் நெருக்கமான ஓடுதளம். சனிக்கிழமை காலைப் பயிற்சியில் முதல் சுற்றின் பாதியிலேயே என் கோபம் இறங்கிவிட்டது. குன்னூரின் மெல்லிய காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகித் தடுமாறிய அதே எஞ்சின் இங்கே ஆறாவது கியர் வரை ஒரு விக்கல்கூட இல்லாமல் இழுத்தது. முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம்; கலவை சரி என்பதற்கு அடையாளம். மதியம் தீப்பெட்டியைத் திறந்து அடுத்த இணையை மாற்றினேன். அப்போதும் அதே நிறம். இரண்டு நாளில் எஞ்சின் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. குன்னூரில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து இந்த வேலைக்கு மதிப்பெண் போட்டிருந்தால் நான் பூஜ்ஜியம் போட்டிருப்பேன்.

பிரேக்கின் கதை வேறு. பயிற்சியின் மூன்றாவது சுற்றிலேயே முன் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்து, பிடிமானம் பாதியாகக் குறைந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் கியரைக் குறைத்து வேகத்தைத் தணிக்கும் வழி அவ்வளவாக உதவாது. இவ்வளவு குறுகிய ஓடுதளத்தில் டிரம் ஆறுவதற்கும் நேரம் கிடைக்காது. மாலையில் சக்கரத்தைக் கழற்றியபோது, புதிய லைனிங் இரண்டு முனைகளில் மட்டும் டிரம்மைத் தொட்டு, நடுப்பகுதி ஒட்டிய நாளில் இருந்தபடியே புத்தம் புதிதாக இருந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரர் உதவியோடு டிரம்முக்குள் சாக்பீஸைத் தேய்த்து, சக்கரத்தைச் சுழற்றி, ஷூவில் வெள்ளை ஒட்டிய மேடுகளை அரத்தால் ராவி, மறுபடி சுழற்றி, இரவு ஒன்பது மணி வரை அதே வேலையாகக் கிடந்தோம். ஞாயிறன்று பிரேக் ஓரளவு பிடித்தது. பதினான்கு வண்டிகளில் ஒன்பதாவதாக வந்தேன். பிரேக்கை நம்பி இன்னும் இருபது அடி தள்ளிப் பிடிக்க முடிந்திருந்தால் ஏழாவதாக வந்திருப்பேன் என்பது என் எண்ணம். ஒன்பதாவதாக வந்தவர் எல்லோருக்கும் இப்படி ஓர் எண்ணம் இருக்கும்தான்.

சோதனை ஓட்டமே கூடாது என்று எஞ்சினுக்காக எடுத்த சரியான முடிவுதான் பிரேக்கைக் கெடுத்தது. லைனிங் படிய வேண்டுமானால் வண்டி ஓடியாக வேண்டும். அதைப் பட்டறையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளட்ச் வேலையிலும் கம்பி கட்டிய விதத்திலும் குறை இல்லை. ஸ்க்ரூட்டினியில் வண்டி முதல் தடவையிலேயே தேறியது. பன்னிரண்டு நாளில் தருவதாகச் சொன்ன வண்டி இருபத்தாறாம் நாள்தான் கைக்கு வந்தது. போர் போடுவதற்குச் சிலிண்டரைக் கோவைக்கு அனுப்புகிறார்கள் என்பதையும், அங்கே ஆகும் தாமதத்தையும் முதலிலேயே சொல்லியிருக்கலாம். பாகங்களுக்கும் கூலிக்கும் சேர்த்து 16,200 ரூபாய் ஆனது. தொகை நியாயமாகவே பட்டாலும், எதற்கு எவ்வளவு என்று பிரிக்காமல் ஒரே எண்ணாகத் துண்டுச்சீட்டில் எழுதித் தருவது எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை வண்டியைத் திரும்பக் கொண்டுபோனேன். ‘வீடு’ இணையைக் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்த அண்ணன், ப்ளக்கின் நிறத்தைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். பிரேக்கைப் பற்றிச் சொன்னதும், கழற்றி வைத்திருந்த ஷூவைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தவறு தன்னுடையதுதான் என்றார். அடுத்த முறை பிரேக் வேலையை முதலில் முடித்து, முகப்பு விளக்கைக் கழற்றுவதற்கு முன்பே, ‘வீடு’ ஜெட்டிலேயே வெலிங்டன் வரை நான்கைந்து தடவை ஓட்டி ஷூவைப் படிய வைத்துவிட்டுத்தான் கார்புரேட்டரில் கை வைப்பது என்று பேசிக்கொண்டோம். அங்கே பந்தய வேலை கொடுக்கப் போகிறவர்கள், வண்டியை விடும் அன்றே இந்த வரிசையை அவரிடம் நினைவுபடுத்திவிடுங்கள்.