மலையிறங்கினாலும் மாறாத முகவரி: ஜெர்சி நூலகத்துடன் ஆறு ஆண்டுகள்

குமுளிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரிகளுக்கான சரக்குக் கணக்கு மென்பொருளைக் கம்பத்திலிருந்து ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கைபேசி ஆப் இணையம் வழியே பேசும் ரெஸ்ட் சேவை (ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் இணைய முகவரி, அதாவது யூஆர்எல், கொடுக்கும் முறை) முழுவதும் ஜாவாவில், அத்தகைய சேவைகளுக்கான ஜெர்சி என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுதியது. நூலகத்தின் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. பட்ட பாடெல்லாம் நான் வகுத்த யூஆர்எல்களால் வந்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு லாட்டின் (சரக்குத் தொகுதியின்) முகவரியையும் "/மாநிலம்/32/கிட்டங்கி/4/லாட்/118" என்று அமைத்திருந்தேன். ஜிஎஸ்டியில் கேரளத்தின் எண் 32, தமிழ்நாட்டுக்கு 33. மூட்டையில் ஒட்டும் க்யூஆர் ஸ்டிக்கரிலும் இதே முகவரியைத்தான் அச்சிட்டோம். சரக்கு மலையிறங்கிப் போடிக் கிட்டங்கிக்குப் பதிவானதும் மாநில எண்ணும் கிட்டங்கி எண்ணும் மாறிவிட்டன. ஸ்டிக்கரில் இருந்ததோ பழைய முகவரி. "சாரே, ஸ்கேன் பண்ணினா 404-னு வருது, மூட்டையை இறக்கவா வேண்டாமா?" என்று லாரியுடன் வந்த குமுளித் தொழிலாளி கைபேசியில் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 404 என்றால் அப்படியொரு முகவரி இல்லை என்று பொருள். லாட் இருக்கும் இடம் நாளைக்கே மாறக்கூடிய தகவல். அதை முகவரிக்குள் வைத்தது என் தவறு.

இப்போது முகவரி "/லாட்/118" மட்டுமே. மாநிலமும் கிட்டங்கியும் பதிலுக்குள் வருகின்றன, கிட்டங்கி வாரியாகப் பட்டியல் வேண்டுமானால் "/லாட்?கிட்டங்கி=4" என்று கேட்கலாம். பழைய முகவரிகளை 308 (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்னும் பதில் எண்) கொடுத்துத் திருப்பிவிடுகிறேன். அதே பொருளுள்ள 301 கொடுத்தால் சில கிளையண்டுகள் (சேவையை அழைக்கும் ஆப்கள்) தகவலை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை, தகவலைக் கேட்கும் கெட் ஆக மாற்றிவிடும்.

எடைப் பதிவிலும் இதே போன்ற பாடம் கிடைத்தது. மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால், போஸ்ட் அனுப்பிய ஆப் பதில் வராமல் மறுபடி அனுப்ப, ஒரே மூட்டை இரண்டு முறை கணக்கில் ஏறியது. இப்போது பதிவு எண்ணைக் கைபேசியே உருவாக்கி, அந்த எண்ணுள்ள முகவரிக்கு புட் (இந்த முகவரியில் இதை வை என்னும் கோரிக்கை) அனுப்புகிறது. எத்தனை முறை அனுப்பினாலும் பதிவு ஒன்றே.

எடை, ஈரப்பதம், பில் எல்லாவற்றையும் சுமந்து வீங்கிய லாட் கிளாஸை சப்-ரிசோர்ஸ் லொக்கேட்டர் (முகவரியின் மீதிப் பகுதியை வேறொரு கிளாஸிடம் ஒப்படைக்கும் மெத்தட்) மூலம் பிரித்தேன். லொக்கேட்டருக்குள் நியூ போட்டு உருவாக்கும் ஆப்ஜெக்டில் ஜெர்சி தானாக எதையும் இன்ஜெக்ட் செய்யாது (தேவையான பொருள்களை உள்ளே வைக்காது), அதை ஜெர்சி தரும் ரிசோர்ஸ் கான்டெக்ஸ்ட் வழியாகப் பெற வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆனது. பின்னர் ஜெர்சி 3-க்கு மாறியபோது, அது பயன்படுத்தும் ஜாவா தொகுப்புகளின் பெயர் தொடக்கம் ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா ஆனதால் எல்லா கிளாஸ்களிலும் இம்போர்ட் வரிகளைத் திருத்தினேன். ஸ்டிக்கரில் அச்சான முகவரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.