தொங்கு படுக்கைக்கு மேல் தார்ப்பாய்: மூலைக்கு மூலையா, கூரை வடிவமா?

கையில் இருப்பது 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய். இரு மரங்களுக்கு இடையே அதன் எதிரெதிர் மூலைகளை இழுத்துக் கட்டலாம். அல்லது நடுவே மடித்த கூரைபோலக் கட்டலாம்.

நீளம்: மூலைக்கு மூலை 4.2 மீட்டர் கிடைக்கிறது. கூரை வடிவில் 3 மீட்டர்தான். 3.3 மீட்டர் படுக்கை தொய்ந்து, முனைக்கு முனை சுமார் 2.75 மீட்டராகத் தொங்குவதால், இதில் ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண்கூட மிஞ்சாது.

வேலை: முதலாவதற்கு இரண்டு முளை, இரண்டாவதற்கு நான்கு. இருட்டில், தூறலில் இந்த வித்தியாசம் பெரிது.

பக்கவாட்டுச் சாரல்: இங்குதான் கூரை வடிவம் வெல்கிறது. மூலைக்கட்டில் பாய் முனைகளை நோக்கிக் குறுகிவிடுகிறது. நாம் படுக்கையில் சற்றுக் கோணலாகப் படுக்கும்போது தலையும் காலும் அந்தக் குறுகலான பக்கமே நீள்கின்றன. காற்று திரும்பினால் கால்மாடு நனையும்.

எப்படிக் கட்டினாலும், படுக்கையைத் தாங்கும் பட்டையில், பாயின் நிழலுக்குள், ஒரு துண்டுப் பருத்தி நூலைத் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து அந்தப் பட்டை வழியே வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இதை மறந்தால் எந்தக் கூரையும் காப்பாற்றாது. நைலான் பாய் ஈரத்தில் தொய்யும். தூங்குமுன் கயிற்றை மறுபடி இறுக்குங்கள்.

காற்றில்லாத மழைக்கும், சுமை குறைய நடப்பவர்களுக்கும் மூலைக்கட்டு போதும். திறந்த மேட்டில், காற்றோடு வரும் மழைக்குக் கூரை வடிவம்தான், ஆனால் 3.5 மீட்டர் நீளப் பாயாவது வேண்டும்.